நெபுலைசரா, பம்பும் ஸ்பேசருமா: வீட்டுக்கு முதலில் எதை வாங்குவது?

எங்கள் வீட்டில் இளைப்புக்காரர்கள், அதாவது ஆஸ்துமா உள்ளவர்கள், மூன்று பேர்: அப்பா, நான், மகள். அப்பாவுக்கு வயது 74, மகளுக்கு 8. அப்பாவிடமிருந்து சொத்தென்று பெரிதாக எதுவும் எனக்கு வரவில்லை, இது மட்டும் தவறாமல் வந்தது. நானும் குறைவில்லாமல் மகளிடம் ஒப்படைத்துவிட்டேன். ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு டப்பா. அதனால் எங்கள் குடியிருப்பில் யார் பிள்ளைக்கு வீசிங் என்றாலும் கேள்வி என்னிடம் வந்துவிடும்: "வீட்டுக்கு ஒரு நெபுலைசர் மெஷின் வாங்கிடலாமா?"

முதலில் ஸ்பேசர் வாங்குங்கள், மெஷினை அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் எப்போதும் என் பதில். நெபுலைசர் என்பது திரவ மருந்தைப் புகையாக்கித் தரும் மோட்டார் மெஷின். பம்ப் என்பது அழுத்தினால் மருந்தைப் பீய்ச்சும் இன்ஹேலர், ஸ்பேசர் அதன் வாயில் மாட்டி மருந்தை இழுக்கும் குழாய். கேட்டவர் முகத்தில் ஏமாற்றம் தெரியும். சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் குழாய் எங்கே, ஆயிரங்களில் விலைபோகும் மோட்டார் எங்கே!

நானே அந்த வரிசையில் வாங்கவில்லை. மகளுக்கு நாலு வயதில் முதல் தடவை கடுமையாக இழுப்பு வந்தபோது ஓர் இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். காலையில் கிளம்பும்போது, "ஒரு மெஷின் வாங்கி வெச்சுக்கோங்க, ராத்திரியில அலைய வேண்டாம்" என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். வெளியே வந்ததும் வாங்கினேன். மருந்துச் சீட்டில் பம்பும் ஸ்பேசரும்கூட இருந்தன. பம்ப் கிடைத்தது, ஸ்பேசர் ஸ்டாக் இல்லை என்றார்கள். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தப்பு புரிவதற்கு இரண்டு வருடமும் ஒரு புயலும் ஆயின.

மருந்து வேறு, வண்டி வேறு

கருவிகளை ஒப்பிடும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. கூடவே குழாயின் உட்சுவர் வீங்கிச் சளியும் சேர்கிறது. சால்புடமால், அதாவது மெடிக்கல் ஷாப்பில் 'ஆஸ்தாலின்' என்று கேட்டு வாங்குவது, இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். நாலைந்து மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்துக்கு பியூடசோனைடு போன்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு வேண்டும். பலருக்கு அதைத் தினமும் எடுக்க வேண்டியிருக்கும், நன்றாக இருக்கும் நாளிலும்.

பம்பும் நெபுலைசரும் வெறும் வண்டிதான். அதில் ஏறுகிற மருந்து எது என்பதுதான் முதல் கேள்வி. வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்களில் நான் பார்த்த பலர் அதில் சால்புடமாலை மட்டும் ஊற்றி, இழுப்பு அடங்கியதும் துடைத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். தீ எரிகிறது, புகையை மட்டும் விசிறிக்கொண்டிருக்கிறோம்.

ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019இல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் சால்புடமால் வகையை மட்டும் தனியாகக் கொடுத்துக் காலம் தள்ளக்கூடாது, ஏதாவது ஒரு வடிவில் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு சேர்ந்திருக்க வேண்டும் என்றது. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. 200 பஃப் (ஓர் அழுத்தில் வருவது ஒரு பஃப்) கொண்ட சால்புடமால் பம்ப் வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று என்று 12 தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. காலி டப்பாவைத் தூக்கிப் போடும்போது அதன்மேல் தேதியை எழுதிப் பாருங்கள்.

நெபுலைசர்: சத்தமும் நிம்மதியும்

மெஷினின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. முகமூடியை மாட்டிச் சும்மா மூச்சு விட்டால் போதும். அழுகிற குழந்தையும் நடுங்குகிற பெரியவரும் மருந்தை எடுத்துக்கொள்ளலாம். புகை வருவது கண்ணுக்குத் தெரியும், மோட்டார் 'டர்ர்' என்று ஓடும், ஏதோ நடக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு தெம்பு. இந்தத் தெம்புக்காகத்தான் பாதிப்பேர் வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

ஆனால் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். கரன்ட் வேண்டும். ஒவ்வொரு முறையும் மருந்துக் கிண்ணத்தையும் முகமூடியையும் கழுவி உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் கிருமி வளர்ந்து, அடுத்த முறை மருந்தோடு சேர்ந்து நெஞ்சுக்குள் போகும். ஸ்டீராய்டு மருந்தை முகமூடி வழியாகக் கொடுத்தால் முகத்தையும் கழுவிவிட வேண்டும். அல்ட்ராசானிக் வகை மெஷின் சத்தமில்லாமல் ஓடுகிறதே என்று வாங்கினால், பியூடசோனைடு ரெஸ்பியூலுக்கு, அதாவது மெஷினில் ஊற்றும் சிறு மருந்துக் குப்பிக்கு, அது சரிப்படாது. கம்ப்ரசர் வகைதான் வேண்டும்.

மருந்தின் அளவைப் பாருங்கள். சால்புடமால் ரெஸ்பியூல் ஒன்றில் 2.5 மில்லிகிராம். பம்பில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதாவது 25 பஃப் மருந்தைக் கிண்ணத்தில் ஊற்றுகிறோம். அதில் பெரும்பகுதி குழாயிலும் காற்றிலும் வீணாகிறது. நம் கண்ணுக்குத் தெரிகிற அந்தப் புகையில் கணிசமான பங்கு, குழந்தைக்குப் போகாத மருந்து.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்துவது வேறு. வீட்டில் மெஷின் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது தள்ளிப்போகும். "இன்னொரு தடவை வெச்சுப் பார்ப்போம், விடியட்டும்" என்று நான் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் தப்பித்தோம் என்பதால் அது சரியாகிவிடாது.

அந்த டிசம்பர்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். நாங்கள் வேளச்சேரி பக்கம். காலையிலேயே கரன்ட் போனது, தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். சாயங்காலம் மகளுக்கு வறட்டு இருமல் தொடங்கியது. ஏழு மணிக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. மெஷின் மேஜைமேல் இருந்தது, தொட்டால் ஜில்லென்று. இன்வெர்ட்டர் மதியமே படுத்துவிட்டது. 108க்கு அழைத்தால் லைன் கிடைக்கவில்லை.

பம்ப் இருந்தது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் மூச்சுத் திணறும்போது, அழுத்துகிற நொடியில் இழுக்கத் தெரியாது. அடித்த மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டியதே தவிர உள்ளே போகவில்லை. அப்போதுதான் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காலி செய்து துடைத்தேன். அடுப்பில் கத்தி முனையைக் காய்ச்சி, பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் நாற்றம் போகும்வரை ஆறவிட்டேன். பம்பைச் சொருகி, சுற்றிலும் காற்று கசியாமல் டேப் ஒட்டினேன். பாட்டிலின் வாயை மகள் வாயில் வைத்து, ஒரு பஃப், ஐந்தாறு மூச்சு. மறுபடி குலுக்கி இன்னொரு பஃப், ஐந்தாறு மூச்சு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் கழித்து இரண்டாவது சுற்று. எட்டேகால் மணிக்குப் பிள்ளை, "பசிக்குது" என்றாள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் மருத்துவர்கள் இழுப்போடு வந்த குழந்தைகளிடம் இதே பாட்டில் முறையைச் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். ஓரம் கசியாமல் அடைத்த 500 மில்லி பாட்டில், கடையில் விற்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. கசிவை அடைக்காத பாட்டில் அந்த அளவுக்கு இல்லை, தெர்மகோல் கப் எல்லாவற்றிலும் மோசம். சரி, பாட்டில் ஆபத்துக்கு உதவும். தண்ணீர் வடிந்ததும் நான் செய்த முதல் காரியம் வால்வு வைத்த ஸ்பேசர் வாங்கியதுதான்.

பம்பும் ஸ்பேசரும்

பம்ப் மட்டும் தனியாக என்றால் அதில் ஒரு வித்தை இருக்கிறது. குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, மெதுவாக இழுக்கத் தொடங்கும் அதே நொடியில் அழுத்தி, முழுக்க இழுத்து, பத்து நொடி அடக்க வேண்டும். எனக்கு இருபது வருடப் பழக்கம், இன்னும் அவசரத்தில் தவறவிடுகிறேன். மருந்து வேகமாகப் பீறிட்டு வருவதால் கணிசமான பங்கு தொண்டைச் சுவரில் மோதி நின்றுவிடும். ஸ்டீராய்டு பம்ப் என்றால் வாயில் வெள்ளை படிவதும் குரல் கரகரப்பதும் இதனால்தான்.

ஸ்பேசர் இந்த வேகத்தை உடைக்கிறது. பெரிய துளிகள் குழாயிலேயே தங்கிவிடும், மெல்லிய துளிகள் மிதந்து நிற்கும். அழுத்தும் நொடியும் இழுக்கும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் போய்விடும். நெபுலைசரையும் ஸ்பேசரையும் இழுப்பு நேரத்தில் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்திருக்கிறது. ஸ்பேசர் எந்த விதத்திலும் குறையவில்லை. குழந்தைகள் விஷயத்தில் ஒரு படி மேலேயே இருந்தது: அவசரப் பிரிவில் இருக்க வேண்டிய நேரம் குறைந்தது, இதயத் துடிப்பு எகிறுவதும் குறைந்தது. உயிருக்கு ஆபத்தான கடும் தாக்குதல் வேறு கதை. அங்கே ஆக்சிஜனோடு நெபுலைசர் வைப்பார்கள், அது ஆஸ்பத்திரி வேலை.

நாலைந்து வயது வரை முகமூடி வைத்த ஸ்பேசர், அதன்பின் நேரடியாக வாயில் வைப்பது. எங்களுடையதில் ஒவ்வொரு மூச்சுக்கும் வால்வு 'டிக்' என்று திறந்து மூடும். அந்த 'டிக்'கை எண்ணுவது மகளின் வேலை. ஐந்து டிக் கேட்டால் எடுத்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு பஃப் மட்டும். இரண்டைச் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழாயிலேயே தங்கிவிடும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

கழுவுவதில் நான் ஆறு மாதம் தப்பு செய்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியால் உள்ளே நன்றாகத் துடைத்துப் பளபளவென்று வைப்பேன். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவரோடு இழுத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்னபிறகுதான் தெரிந்தது. சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல், தானாகக் காயவிட வேண்டும். அவ்வளவுதான்.

பம்பில் எண் காட்டும் கவுண்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழியை நம்பாதீர்கள். மருந்து தீர்ந்தபிறகும் உந்துவாயு மிச்சமிருந்து 'புஸ்' என்று அடித்துக்கொண்டேயிருக்கும்.

பொடி கேப்ஸ்யூல்

மூன்றாவது, கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலர் வகை. விலை குறைவு, பையில் அடங்கும், அழுத்தி இழுக்கும் ஒத்திசைவு தேவையில்லை. திருகினால் கேப்ஸ்யூல் பிரியும், வேகமாக ஆழமாக இழுத்தால் பொடி உள்ளே போகும். இழுத்தபின் திறந்து பார்த்தால் பொடி மிச்சமிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். இந்தச் சௌகரியம் வேறு எதிலும் இல்லை. பத்து வருடம் நான் இதில்தான் ஓட்டினேன்.

ஆனால் பம்பை மெதுவாக இழுக்க வேண்டும், இதை வேகமாக இழுக்க வேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் மாற்றிச் செய்துவிடுகிறார்கள். கடுமையாக இழுப்பு வந்திருக்கும்போது வேகமாக இழுக்க மூச்சு எங்கே இருக்கும்? ஐந்தாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் இந்த வேகம் வராது. அப்புறம் நம் கடலோர ஈரப்பதம். குளியலறை அலமாரியில் வைத்த கேப்ஸ்யூலில் பொடி கட்டிதட்டிப் போகும். கருவிக்குள் மூச்சை ஊதினாலும் அதே கதிதான்.

அப்பாவின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு முதலில் கேப்ஸ்யூல்தான் எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து, "ஒண்ணும் கேக்கலப்பா" என்றார். எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் ஊற்றி விழுங்கிக் காட்டினார். கருவி அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தது. மருந்துக்கடையில் யாரும் சொல்லித்தரவில்லை, நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

மாத்திரையும் சிரப்பும்

இன்ஹேலர் பழக்கமாகிவிடும், மாத்திரை சாதுவானது என்ற நம்பிக்கை இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கணக்கு நேர்மாறானது. சால்புடமால் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது 40 பஃப் மருந்து. அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நெஞ்சுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதன் வழிச்செலவு. சிரப்பும் இதே பாதைதான்.

மான்டெலுகாஸ்ட் மாத்திரை சிலருக்கு, குறிப்பாக மூக்கு அலர்ஜியும் சேர்ந்திருந்தால், உதவுகிறது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுக்கு அது சமமில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்குக் கடுமையான எச்சரிக்கைக் கட்டம் சேர்த்தது, மனநிலை மாற்றங்களுக்காக. பிள்ளைக்குக் கொடுக்கத் தொடங்கியபின் கெட்ட கனவு, காரணமில்லாத எரிச்சல் என்று தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும் பாட்டிமார் கேட்பது, "வளர்த்தி நின்னுடுமா?" நியாயமான கேள்வி. பியூடசோனைடை நான்கைந்து ஆண்டுகள் தினமும் எடுத்த குழந்தைகளை வளர்ந்து பெரியவர்களாகும்வரை தொடர்ந்து அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவு. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடிக்கடி இழுப்பு வந்து, ஒவ்வொரு முறையும் வாய்வழி ஸ்டீராய்டு எடுத்து, இரவு தூக்கமும் பள்ளியும் போவதோடு ஒப்பிட்டால் நான் 1.2 சென்டிமீட்டரைத்தான் தேர்ந்தெடுப்பேன், தேர்ந்தெடுத்தேன்.

தூதுவளை ரசம் எங்கள் வீட்டிலும் வாரம் ஒருநாள் உண்டு. சோறுக்கு நன்றாக இருக்கும், பம்புக்கு மாற்று இல்லை. ஹைதராபாத்தில் மிருகசீரிஷ நாளில் இளைப்புக்கு மருந்தென்று விரால் குஞ்சை உயிரோடு விழுங்கவைப்பார்களே, அதற்கும் அப்பாவை ஒருமுறை கூட்டிப்போயிருக்கிறோம். ரயில் பயணம் நன்றாக இருந்தது.

எங்கள் வீட்டில் இப்போது

மகளுக்கு ஸ்பேசரோடு பம்ப்: காலை மாலை ஸ்டீராய்டு, இழுப்புக்குச் சால்புடமால். இரண்டு டப்பாவும் மாறிவிடக்கூடாது என்பதற்காக ஸ்டீராய்டு டப்பாவில் அவளே ஒரு பூனை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நான் மருத்துவரோடு பேசி, ஸ்டீராய்டான பியூடசோனைடும், இறுகிய தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் கலந்த ஒரே பம்புக்கு மாறிவிட்டேன். தினசரிக்கும் அதுவே, இழுப்புக்கும் அதுவே. ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்பதை அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லாக் கலவை மருந்தையும் இப்படிப் பயன்படுத்த முடியாது, கேட்காமல் செய்யாதீர்கள்.

அப்பாவுக்கு விரல்களில் மூட்டுவலி, பம்பை அழுத்தவே முடியவில்லை. பொடியை இழுக்க வேகமும் போதவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் அம்மா அழுத்துவார், ஸ்பேசரில் எடுத்துக்கொள்வார். அம்மா ஊருக்குப் போனால் கஷ்டம். ஆக, நான் அவசரப்பட்டு வாங்கிய மெஷின் கடைசியில் அவரிடம் போய்ச் சேர்ந்தது, மருத்துவர் சொல்லியே. தனியாக இருக்கும் வயதானவருக்கும், கையோ நினைவோ ஒத்துழைக்காதவருக்கும் நெபுலைசர்தான் சரியான வண்டி. மற்றவர்களுக்கு இரண்டாவதாக இருக்கட்டும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, மருத்துவர் கையெழுத்தில். எத்தனை பஃப், எத்தனை நிமிட இடைவெளி, எந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால், விலா குழிந்தால், பஃப் எடுத்தும் நாலு மணி நேரம் தாங்காமல் மறுபடி வந்தால், உடனே ஆஸ்பத்திரி. போகும் வழியிலும் ஸ்பேசரில் பஃப் தொடரும். பிளக்கில் செருகி ஓட்டும் எங்கள் நெபுலைசர் காரில் ஓடாது.

போகிக்கு முந்தின வாரமே புது பம்ப் வாங்கி வைத்துவிடுவேன். டயர் புகை இப்போது குறைந்திருக்கிறது என்கிறார்கள், எங்கள் தெருமுனையில் போன வருடமும் எரிந்தது. பழைய பாட்டிலை மனைவி இன்னும் தூக்கிப் போடவில்லை. டேப் உரிந்து, அடியில் கருகிய ஓட்டையோடு பரணில் கிடக்கிறது.